ரிவால்வர் வீட்டு வாசலுக்கே வரும், இடுப்புக்குப் போகலாமா?

"டெக்சாஸில் வேலை, எச்-1பி விசா. பழைய பாணி கேப் அண்ட் பால் ரிவால்வரைச் சட்டம் துப்பாக்கியாகவே எண்ணுவதில்லை, ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? வாங்கினால் தற்காப்புக்கு இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நண்பர் சொன்னது பெரும்பாலும் உண்மை. வாங்கலாம், வைத்திருக்கலாம், ரேஞ்சில் சுடலாம். இடுப்பில் வைத்துக்கொண்டு போவது வேறு விஷயம். டெக்சாஸ் சட்டம் அதற்காக உங்களை உடனே பிடிக்காமல்கூடப் போகலாம். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பதினைந்து வருடமாக இந்தப் புகையில் நின்று சுடுகிறவன் நான். இந்த வகை ரிவால்வர்களில் ஒரு கோல்ட் 1860 ஆர்மியும் ஒரு ரெமிங்டனும் என்னிடம் உண்டு. இரண்டும் எனக்கு உயிர். ஒன்றைக்கூட ஒருநாளும் தற்காப்புக்கென்று எடுத்துப் போனதில்லை.

முதலில் பொருள் என்ன என்று தெளிவாக்கிக்கொள்வோம். இதில் தோட்டா கிடையாது. சிலிண்டரில் ஆறு அறைகள். ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, அதன் மேல் உருண்டையான ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியில் மடங்கியிருக்கும் நெம்புகோலால் அழுத்திக் கெட்டிக்கவேண்டும். நம்மூர் மலைப்பக்கத்தில் நாட்டுத் துப்பாக்கி கெட்டிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே ஒரு குழலில் செய்வதை இங்கே ஆறு அறையில் செய்கிறோம், அவ்வளவுதான். அறையின் பின்பக்கம் ஒரு சின்னக் குழாய், நிப்பிள் என்பார்கள். அதன் தலையில் செம்பில் செய்த குட்டித் தொப்பி ஒன்றை மாட்டவேண்டும். அதுதான் கேப். சின்ன வயதில் தீபாவளித் துப்பாக்கியில் ரோல் கேப் போட்டுச் சுட்டிருப்பீர்கள். சுத்தியல் விழுந்து பொட்டு வெடிக்கிற அதே தத்துவம். இங்கே அந்தப் பொறி நிப்பிள் வழியாக உள்ளே ஓடி மருந்தைப் பற்ற வைக்கிறது. மருந்தும் அதே வெடியுப்பு, கந்தகம், கரிதான். முதல் தடவை சுட்டபோது எனக்குப் புகையைவிட அந்த வாசனைதான் தூக்கிவாரிப் போட்டது. நவம்பர் மாதத்து எங்கள் தெரு மாதிரியே இருந்தது.

சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியதிலிருந்து 1870களின் தொடக்கம் வரை ரிவால்வர் என்றால் பெரும்பாலும் இதுதான். அதற்குள் தோட்டா வராமல் இல்லை. சிலிண்டரை முழுக்கத் துளைத்துப் பின்னாலிருந்து தோட்டா போடும் ஏற்பாட்டுக்கு ரோலின் வைட் என்பவர் 1855இல் காப்புரிமை வாங்கி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கு உரிமம் கொடுத்துவிட்டார். அது 1869இல்தான் காலாவதியானது. அதனால் அமெரிக்க உள்நாட்டுப் போர் முழுக்கக் கோல்டும் ரெமிங்டனும் கேப் அண்ட் பாலையே செய்துகொண்டிருந்தார்கள். நீங்கள் இன்று வாங்கப்போகும் மாதிரிகள் எல்லாம் அந்தக் காலத்தவை.

இனி சட்டம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், குழப்பம் எல்லாம் இங்கேதான்.

1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 'துப்பாக்கி' என்ற சொல்லுக்கு வரையறை சொல்லிவிட்டு, கடைசியில் 'புராதனத் துப்பாக்கி இதில் சேராது' என்று ஒரு வரி போட்டது. 1898 அல்லது அதற்கு முன் செய்தவை புராதனம். அவற்றின் நகல்களும் புராதனம்தான், நவீனத் தோட்டா போட முடியாதவையாக இருந்தால். ஆக, போன மாதம் இத்தாலியில் கடைந்து எடுத்த பளபளப்பான இரும்பு, மத்தியச் சட்டத்தின் கண்ணுக்குப் புராதனப் பொருள். அதனால் 4473 என்ற படிவம் நிரப்ப வேண்டியதில்லை, பின்னணிச் சோதனை இல்லை, உரிமம் பெற்ற கடை வழியாக வர வேண்டிய கட்டாயமும் இல்லை. பார்சல் வண்டி வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகும்.

உங்கள் விசா விஷயத்துக்கு வருகிறேன். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக்கூடாது என்பது மத்தியச் சட்டம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடையே இல்லை. ஆனால் அந்தத் தடையும் 'துப்பாக்கி' என்ற அதே சொல்லில்தான் நிற்கிறது. புராதனம் அந்தச் சொல்லுக்கு வெளியே இருப்பதால், கேப் அண்ட் பால் ரிவால்வர் அந்தத் தடைக்கும் வெளியே. உங்கள் நண்பர் பிடித்துக்கொண்ட நூல் இதுதான்.

நண்பர் சொல்லாமல் விட்டது இரண்டு.

ஒன்று, கன்வெர்ஷன் சிலிண்டர். இந்த ரிவால்வர்களுக்குத் தோட்டா போடும் மாற்றுச் சிலிண்டர்கள் தனியாகவே விற்கின்றன. அதுவும் தபாலில் வரும், இரண்டு நிமிடத்தில் மாட்டிவிடலாம். மாட்டிய அந்த நொடியில் உங்கள் கையில் இருப்பது புராதனம் அல்ல, முழுத் துப்பாக்கி. அமெரிக்கக் குடிமகன் ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கு மாட்டிக்கொண்டால் மத்தியச் சட்டம் பெரிதாக ஒன்றும் சொல்லாது. வேட்டை உரிமம் இல்லாத எச்-1பிக்காரர் மாட்டினால் பதினைந்து வருடம் வரை சிறைக்கு வழியுள்ள குற்றம். 'சும்மா வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்' என்றுகூட ஆரம்பிக்காதீர்கள்.

இன்னொன்று, மருந்து. வெடிபொருள் சட்டம் தனி. அதிலும் தற்காலிக விசாக்காரர்களுக்குத் தடை உண்டு. ஆனால் கம்பெனி தயாரித்த கருமருந்து ஐம்பது பவுண்டு வரைக்கும், கேப்புக்கும், அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு இருக்கிறது. எதற்காக? புராதனத் துப்பாக்கியில் 'விளையாட்டு, பொழுதுபோக்கு, பண்பாட்டு நோக்கங்களுக்கு மட்டும்' பயன்படுத்துவதற்காக. அந்த 'மட்டும்' என்ற சொல்லை இரண்டு தடவை படியுங்கள். ரேஞ்சில் சுடுவது விளையாட்டு. உள்நாட்டுப் போர்க் காட்சியை நடித்துக் காட்டுவது பண்பாடு. தற்காப்புக்கு இடுப்பில் கெட்டித்து வைப்பது இந்த மூன்றில் எது? எனக்குத் தெரிந்து இதற்காக யார் வீட்டுக் கதவையும் யாரும் தட்டியதில்லை. ஆனால் விசாவில் இருக்கிற ஆள் தன் பாதுகாப்பை இந்த மாதிரி ஒரு சொல்லின் மேல் கட்டுவதை நான் புத்திசாலித்தனமாக நினைக்கவில்லை.

இதெல்லாம் மத்தியச் சட்டம். அது பொருள் என்னவென்று பார்க்கிறது. மாநிலச் சட்டம் அந்தப் பொருளை வைத்து நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கிறது. வாங்குவதற்கும் இடுப்பில் வைப்பதற்கும் நடுவில் உள்ள வாய்க்கால் இதுதான். பலபேர் அதைத் தாண்டியதே தெரியாமல் தாண்டிவிடுகிறார்கள்.

டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, இருபத்தொரு வயதான, துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லாத ஒருவர் கைத்துப்பாக்கியை உரிமம் இல்லாமலே எடுத்துப் போகலாம். இங்கே தண்டனைச் சட்டத்தின் வரையறையும் 1899க்கு முந்தைய துப்பாக்கிகளையும், தோட்டா போடாத அவற்றின் நகல்களையும் விலக்குகிறது. ஆனால் அந்த வாசகத்தை எழுதிய புண்ணியவான், மடக்குக் கத்தி பொருத்திய துப்பாக்கியைப் பற்றிய ஒரு தொடரை நடுவில் செருகி வைத்திருக்கிறார். விலக்கு எல்லாப் புராதனத்துக்குமா, அந்தக் கத்தி வைத்ததற்கு மட்டுமா என்று வாசிக்கிறவர் தலையைச் சொறியவேண்டும். பொதுவாக எல்லாவற்றுக்கும் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். சரி, எடுத்துக்கொள்வோம். அப்போதும் மற்றவர்கள் பயப்படும்படி பொது இடத்தில் 'துப்பாக்கியை அல்லது வேறு கொலைக்கருவியைக்' காட்டுவது குற்றம். புராதனமாக இருந்தாலும் ஈயக்குண்டு துப்புகிற இரும்பு கொலைக்கருவி இல்லை என்று எந்த வக்கீலும் வாதாட முடியாது. மத்திய அரசுக் கட்டடங்களிலும் அதே கதை. அங்கே தடை 'துப்பாக்கி அல்லது வேறு ஆபத்தான ஆயுதம்' என்று எழுதியிருக்கிறது. தபால் நிலையம்கூட அப்படித்தான்.

டெக்சாஸ் எல்லையைத் தாண்டினால் கதை முற்றிலும் மாறும். நியூ ஜெர்சியில் இந்த நகல் ரிவால்வரும் மற்றக் கைத்துப்பாக்கி மாதிரியேதான், வாங்கவே அனுமதிச் சீட்டு வேண்டும். நியூயார்க்கில் வெறும் ரிவால்வரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கலாம். அதோடு மருந்து, குண்டு, கேப் மூன்றையும் சேர்த்து வைத்திருந்தால் உரிமம் கேட்கும். கலிஃபோர்னியா சட்டம் இன்னும் நுணுக்கம். அறையில் மருந்தும் குண்டும் இருந்து, கேப்பும் மாட்டியிருந்தால் அது கெட்டித்த துப்பாக்கி என்று எழுத்திலேயே வரையறுத்து வைத்திருக்கிறார்கள். அந்த நிலையில் ஊருக்குள் கொண்டுபோனால் சாதாரண ரிவால்வர் கொண்டுபோன அதே குற்றம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் காரில் துப்பாக்கியைப் பூட்டி எடுத்துப் போகிறவர்களுக்கு, வழியில் உள்ள மாநிலங்களின் சட்டத்திலிருந்து மத்தியச் சட்டம் ஒரு பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பும் 'துப்பாக்கி'க்குத்தான். சொல்லுக்குச் சொல் பார்த்தால், துப்பாக்கி இல்லை என்று லாபம் அடைந்த பொருளுக்கு இங்கே அதே காரணத்தால் நஷ்டம். நியூ ஜெர்சி வழியாகப் போகிற எண்ணம் இருந்தால் ரிவால்வரை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

இந்தியாவுக்குக் கொண்டுபோகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பழைய பாணி ஆயுதங்களுக்கு விலக்குத் தருவது உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாதவைக்குத்தான் அது. உங்களுடையது நன்றாகச் சுடும். உரிமம் இல்லாமல் சென்னை விமான நிலையத்தில் இறங்கினால் அன்றைக்கு வீட்டுச் சாப்பாடு கிடையாது.

சட்டத்தை ஓரமாக வைத்துவிடுவோம். உங்களுக்கு எல்லா உரிமமும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இதைத் தற்காப்புக்கு எடுத்துப் போக வேண்டாம் என்பதற்கு எனக்குத் துப்பாக்கியிலேயே காரணங்கள் இருக்கின்றன.

பலம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பாயின்ட் 44 (அங்குலத்தில் குழல் அளவு) ரிவால்வரில் ஒரு அறைக்குச் சாதாரணமாக முப்பது கிரெய்ன் மருந்து போடுவோம், கிட்டத்தட்ட இரண்டு கிராம். குண்டு ஒன்பது கிராம். நொடிக்கு ஏறக்குறைய 240 மீட்டர் வேகத்தில் போகும். பழைய போலீஸ்காரர்களின் பாயின்ட் 38 ஸ்பெஷலுக்கு அண்ணன் தம்பி முறை. இன்றைய ஒன்பது மில்லிமீட்டர் தோட்டாவின் பலத்தில் பாதிக்குச் சற்று மேல். ஆளைக் கொல்லப் போதும். 1865 ஜூலையில் மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டு ஊர்ச் சதுக்கத்தில் அந்தக் காலத்துப் பிரபலத் துப்பாக்கிக்காரரான 'வைல்ட் பில்' ஹிக்கொக், டேவிஸ் டட் என்பவரைச் சுமார் எழுபத்தைந்து கஜத் தூரத்திலிருந்து சுட்டு வீழ்த்தியதும் கேப் அண்ட் பால் காலத்தில்தான். அவர் ஜோடியாக வைத்திருந்த 1851 நேவி ரிவால்வர்கள் இன்றும் பேர்போனவை.

பிரச்சினை பலத்தில் இல்லை, நம்பிக்கையில்.

முதல் தொல்லை, கேப். சுட்டதும் அந்தச் செம்புத் தொப்பி பிளந்து துண்டாகிறது. கோல்ட் மாதிரிகளில் மேல்பக்கம் திறந்தே இருப்பதால், அடுத்ததற்காகச் சுத்தியலை இழுக்கும்போது அந்தத் துண்டு சுத்தியலுக்கும் துப்பாக்கியின் உடற்சட்டத்துக்கும் (ஃப்ரேம்) நடுவில் விழுந்துவிடும். சுத்தியல் முழுசாக இறங்காது. சில சமயம் சிலிண்டரே சுற்றாது. இதைத் தவிர்க்கத்தான் பழைய ஆட்கள் ஒவ்வொரு முறையும் குழலை வானத்துக்குத் தூக்கிச் சுத்தியலை இழுத்தார்கள், துண்டு பின்னால் உதிரட்டும் என்று. என்னுடைய 1860 ஆர்மி நல்ல நாளில் ஐம்பது குண்டு தடங்கல் இல்லாமல் போகும். கெட்ட நாளில் மூன்றாவதிலேயே நின்றுகொள்ளும். ரேஞ்சில் நின்றால் சிரித்துக்கொண்டே ஒரு குச்சியால் நோண்டி எடுப்பேன். எதிரில் ஒருவன் கத்தியோடு வரும்போது குச்சி தேட முடியுமா?

அடுத்தது, ஒரே இழுப்பில் பல அறைகள் வெடிப்பது. செயின் ஃபயர் என்பார்கள். ஒரு அறையின் நெருப்பு பக்கத்து அறைக்குத் தாவுகிறது. முன்பக்கமாகத் தாவுகிறது, அதனால் குண்டுக்கு மேலே கிரீஸ் பூசு என்று ஒரு கட்சி. தளர்ந்த கேப் வழியாகப் பின்பக்கமாகத் தாவுகிறது என்று இன்னொரு கட்சி. இந்தச் சண்டையில் நான் இரண்டு பக்கமும் உட்காருவேன். குண்டு அறையைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்கவேண்டும். கெட்டிக்கும்போது விளிம்பில் ஈயம் ஒரு மெல்லிய வளையமாகச் சீவி வரவேண்டும். வந்தால் முன்பக்கம் அடைத்தது என்று அர்த்தம். கேப் நிப்பிளில் கச்சிதமாக உட்கார்ந்தால் பின்பக்கமும் அடைத்தது. ரேஞ்சில் பக்கத்து மேடையில் ஒருமுறை பார்த்தேன், மூன்று அறை ஒன்றாகப் போனது. சுட்டவர் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. நெம்புகோல் மட்டும் வளைந்து தொங்கியது. அவர் முகத்தில் இருந்த வெளுப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இதனால்தான் இன்னொரு கையைச் சிலிண்டருக்கு முன்னால் வைத்துப் பிடிக்காதே என்று புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடமாகவே சொல்வோம்.

அப்புறம் ஈரமும் வெயிலும். கருமருந்து ஈரத்தை இழுக்கும். நன்றாக அடைத்துக் கெட்டித்தது மாதக்கணக்கில் இருந்து சுட்டதையும் பார்த்திருக்கிறேன், அது பெட்டிக்குள் இருந்தது. வியர்க்கிற இடுப்பில், ஆகஸ்ட் மாத ஹியூஸ்டனில், சட்டைக்குள் அது என்ன பாடுபடும்? குண்டுக்கு மேலே பூசிய கிரீஸ் உருகி உறையை நாசமாக்கும், கேப்புக்கும் போகும். ஹிக்கொக் காலையில் எழுந்ததும் முந்தின நாள் கெட்டித்ததைச் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிதாகக் கெட்டிப்பாராம். அந்தக் காலத்து ஆளே அதை நம்பவில்லை என்றுதான் நான் அர்த்தம் பண்ணிக்கொள்கிறேன். அபார்ட்மென்டில் இருக்கும் நீங்கள் தினமும் காலையில் எங்கே போய்ச் சுடுவீர்கள்?

இதோடு ஒட்டியதுதான் எனக்கு மிகவும் உறுத்தும் விஷயம். இந்த ரிவால்வரைக் காலி செய்ய முடியாது. நவீனத் துப்பாக்கியில் ஐந்து நொடியில் தோட்டாவை வெளியே எடுத்து மேஜையில் வைக்கலாம். இதில் கேப்பைக் கழற்றலாம், ஆனால் மருந்தும் குண்டும் உள்ளேயே இருக்கும். சுட்டால்தான் போகும், இல்லையென்றால் நிப்பிளைக் கழற்றிப் பின்னாலிருந்து தள்ளவேண்டும். துப்பாக்கி கூடாது என்று பலகை வைத்த ஆஸ்பத்திரிக்கு அவசரமாக ஓடவேண்டி வந்தால், கெட்டித்த ரிவால்வரைக் காரில் விட்டுவிட்டுத்தான் ஓடவேண்டும். ரெமிங்டனில் சிலிண்டரையே சட்டென்று கழற்றலாம், அது ஒரு ஆறுதல்.

இடுப்பில் வைப்பதே பாதுகாப்பா என்று கேட்டால், அந்தக் காலத்தவர்களே ஆறில் ஐந்துதான் கெட்டித்துச் சுத்தியலைக் காலி அறைமேல் இறக்கி வைப்பார்கள் என்பது பரவலான பழக்கம். கோல்ட் சிலிண்டரில் அறைகளுக்கு நடுவில் சின்ன முளைகள் உண்டு, சுத்தியல் அதில் உட்காரலாம். ஆனால் அவை தேய்ந்துவிடும். ரெமிங்டனில் முளைக்குப் பதில் பள்ளங்கள், அவை பரவாயில்லை. எப்படியானாலும் ஒன்றேகால் கிலோ இரும்பு, எட்டு அங்குலக் குழல். உட்காரும்போது நாற்காலி இடிக்கும். 1847 வாக்கர் மாதிரி இன்னும் மோசம், இரண்டு கிலோ. அது முதலில் குதிரைச் சேணத்தில் தொங்கவிட என்றே செய்தது.

வீட்டுக்குள் இருட்டில் சுட்டால் என்ன ஆகும் என்பதை ஒரே வரியில் சொல்கிறேன்: முதல் குண்டுக்குப் பிறகு உங்களுக்கு எதுவும் தெரியாது, அறை முழுக்க வெள்ளைப் புகை.

ஆக, உண்மையிலேயே தற்காப்புத்தான் கவலை என்றால் வழி வேறு. வேட்டை உரிமம் எடுத்து, அதன்பேரில் முறையாக ஒரு நவீனத் துப்பாக்கியை வாங்கி, பயிற்சி எடுங்கள். அதற்கு முன் விசா விவகாரமும் துப்பாக்கிச் சட்டமும் இரண்டும் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். குடியேற்ற வழக்கறிஞருக்குப் புராதன விலக்கு தெரியாது, துப்பாக்கிக் கடைக்காரருக்கு எச்-1பி தெரியாது. ஒரு சின்னத் துப்பாக்கிக் குற்றத் தீர்ப்புக்கூடக் கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைப் புரட்டிப்போடும்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு இதைச் சொல்வது வேடிக்கையாக இருக்கலாம்: விளையாட்டுக்காக வாங்குங்கள். இதைப்போல மனத்தை ஒருமுகப்படுத்துகிற பொழுதுபோக்கு எனக்கு வேறு கிடைக்கவில்லை. நிதானமாக அளந்து, கெட்டித்து, ஆறு தடவை சுட்டுவிட்டுப் பத்து நிமிடம் மறுபடி கெட்டிப்பேன். தோட்டாத் துப்பாக்கிக்காரர் பக்கத்தில் ஒரு பெட்டியைக் காலி செய்துவிட்டு என்னை வேடிக்கை பார்ப்பார்.

நகல்கள் பெரும்பாலும் இரண்டே கம்பெனிகளிலிருந்து வருகின்றன, உபர்ட்டியும் பியட்டாவும். இரண்டும் வடக்கு இத்தாலியில் பிரெஷா பகுதியில். உபர்ட்டியில் பூச்சும் பொருத்தமும் ஒரு படி மேல், விலையும். பியட்டா இப்போது நன்றாகவே செய்கிறது. பெட்டியைத் திறந்ததும் சுடலாம். பித்தளை உடற்சட்டம் வைத்த மாதிரிகள் மலிவு, பார்க்கவும் அழகு. புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். வேண்டாம். பித்தளை மென்மை, முழு அளவு மருந்து போட்டுச் சுட்டால் சட்டம் மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும். உள்நாட்டுப் போர்க்காலத்தில் இரும்புக்குத் திண்டாடிய தெற்கு மாநிலக்காரர்கள் ஜார்ஜியாவின் கிரிஸ்வோல்ட்வில்லில் வேறு வழியில்லாமல் பித்தளையில் செய்தார்கள், அதுவும் பாயின்ட் 36 அளவில். உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. எஃகுச் சட்டம் வாங்குங்கள். முதல் ரிவால்வருக்கு என் ஓட்டு 1858 ரெமிங்டனுக்கு. மேலே இரும்புப் பட்டை மூடியிருப்பதால் உறுதி, கேப் துண்டுத் தொல்லையும் குறைவு. அழகில் கோல்ட் 1860 ஆர்மியை அது நெருங்க முடியாது, அது வேறு கதை.

மருந்தில் எஃப்எஃப்எஃப்ஜி என்ற நைஸ் ரகம் கேளுங்கள். அமெரிக்கக் கருமருந்துத் தயாரிப்பான கோயெக்ஸ் 2021இல் மூடப்போவதாக அறிவித்து எல்லோரையும் அலற வைத்தது. மாடல் ராக்கெட் செய்யும் எஸ்டிஸ் அடுத்த வருடம் அதை வாங்கிக் காப்பாற்றியது. ஸ்விஸ், ஷூட்சன் என்று இறக்குமதிச் சரக்கும் உண்டு. தபாலில் வாங்கினால் அபாயப் பொருள் கட்டணம் சேரும் என்பதால் நாலு பேர் சேர்ந்து ஆர்டர் போடுவோம். பைரோடெக்ஸ், ட்ரிபிள் செவன் போன்ற மாற்று மருந்துகள் கடையில் சுலபமாகக் கிடைக்கும். இவை தவிர நவீனத் துப்பாக்கிக்கான புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூட உள்ளே போடக்கூடாது. சிலிண்டர் வெடித்துக் கையோடு போகும். விமானத்தில் போவதானால் ரிவால்வரைக் காலியாகப் பூட்டிய பெட்டியில் வைத்து, சொல்லிவிட்டு, செக்-இன் சாமானில் போடலாம். மருந்தும் கேப்பும் எந்தப் பையிலும் கூடாது. போகிற ஊரில்தான் வாங்கவேண்டும்.

சுட்ட அன்றைக்கே கழுவவேண்டும், இதில் சமரசம் இல்லை. கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துரு பிடிக்க வைக்கும். கழுவத் தனிக் கெமிக்கல் தேவையில்லை, சோப்பும் கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் போதும். முதல் தடவை அடுப்படி ஸிங்க்கில் கழுவினேன். அழுகின முட்டை நாற்றம் வீடு முழுக்கப் பரவி, அன்றைக்கு மனைவி சொன்னதை எழுத முடியாது. அதிலிருந்து பின்வாசலில் ஒரு பழைய வாளி.

ரிவால்வர் புதிதாக வந்ததும் உடனே கெட்டிக்காதீர்கள். தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் நிப்பிள் துளைகளில் தேங்கியிருக்கும், மருந்தை நனைத்துவிடும். முதலில் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து உலர வையுங்கள். ரேஞ்சுக்குப் போனதும், மருந்தும் குண்டும் இல்லாமல் ஆறு நிப்பிளிலும் வெறும் கேப் மட்டும் மாட்டி, குழலைத் தரையில் கிடக்கும் ஒரு காய்ந்த இலைக்குப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொன்றாகச் சுடுங்கள். ஒவ்வொரு தடவையும் இலை துள்ளி நகர்ந்தால் துளை சுத்தம், கெட்டிக்க ஆரம்பிக்கலாம்.